பூவரசும் வாகையும் இருக்கு, மேல்பலகைக்கு என்ன வழி?

தேவிபட்டினத்துத் தம்பி கேட்டது இதுதான். வீட்டுக் கொல்லையில் காற்றில் சாய்ந்த பூவரசு ஒன்று கிடக்கிறது. தாத்தாவின் வள்ளத்திலிருந்து கழற்றிய பலகைகள் இருக்கின்றன. கரிமூட்டம் போடுகிற மாமாவிடம் சீமைக்கருவேல் கட்டை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். இவற்றை வைத்து, கரண்ட் இல்லாமல் ஒலிக்கிற மாண்டலின் ஒன்றைக் கையால் செய்ய முடியுமா? வாசிக்கப் போவது கீர்த்தனைகள். ஆனால் கிடைத்த வரைபடங்களில் எல்லாம் ஸ்ப்ரூஸ், மேப்பிள் என்று வெளிநாட்டு மரங்களையே போட்டிருக்கிறது.

முடியும். கம்பிகளுக்குக் கீழே இருந்து அதிர்ந்து ஒலி கொடுக்கிற மேல்பலகை ஒன்றைத் தவிர மாண்டலினின் மற்ற எல்லா உறுப்புக்கும் ராமநாதபுரம் கரையிலேயே மரம் இருக்கிறது. ஒன்றிரண்டு உறுப்புக்கு வெளிநாட்டு மரத்தைவிட நம் மரமே மேல். சிக்கல் இரண்டு இடத்தில்தான்: ஒன்று அந்த மேல்பலகை, இன்னொன்று கடல்காற்று. அதனால் இந்த இரண்டையும் விரிவாகச் சொல்லிவிட்டு, மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

முதலில் அந்த வரைபடங்கள் யாருக்காக வரையப்பட்டவை என்று பாருங்கள். நேப்பிள்ஸ் நகரத்து மாண்டலினுக்கு முதுகு பானை போல உருண்டிருக்கும். அமெரிக்காவில் ஓர்வில் கிப்சன் 1898இல் காப்புரிமை வாங்கிய பிறகுதான், வயலின் போல மேலும் கீழும் செதுக்கி எடுக்கிற வடிவம் பரவியது. 1922இல் அவர் பெயரில் நடந்த கிப்சன் கம்பெனியில் லாயிட் லோர் காலத்தில் வந்த எஃப்-5 மாடல்தான் இன்று இணையத்தில் கிடைக்கிற பெரும்பாலான வரைபடங்களுக்குத் தாய். அந்த ஊர்க்காரர்களுக்கு வேண்டியது வெட்டி எறிந்த மாதிரி கேட்கிற, சத்தமான, உடனே அடங்குகிற ஒலி. பாட்டுக்குத் தாளம் தட்டுகிற வேலையையும் அங்கே மாண்டலினே பார்த்துக்கொள்கிறது. அதற்கு ஸ்ப்ரூஸ் பொருத்தம். ஒரு கன மீட்டருக்கு 400 கிலோவை ஒட்டிய எடைதான், ஆனால் ரேகையின் நீளவாக்கில் நல்ல விறைப்பு. வரைபடத்தில் இருக்கிற கனம் அந்த மரத்துக்கும் அந்த இசைக்கும் உரிய கனம். அதை அப்படியே நம் பலாவிலோ பூவரசிலோ செதுக்கினால் பெட்டி வாயைத் திறக்காது.

மேல்பலகை சுமக்கிற பாரத்தையும் கணக்கில் வையுங்கள். எட்டுக் கம்பியும் சுதி ஏறி நிற்கும்போது மொத்த இழுவை எழுபது, எண்பது கிலோ வரும். கம்பிகள் குதிரை (மேல்பலகை மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கிற கட்டை) மேல் ஏறி நாகபாசத்துக்கு (கம்பிகளின் கீழ் முனையைப் பிடிக்கிற உறுப்பு) இறங்குகிற கோணத்தைப் பொறுத்து, குதிரை வழியாகப் பலகை மேல் இருபது கிலோவுக்குக் குறையாமல் அழுத்தம் விழும். அதைத் தாங்கவும் வேண்டும், விரல் நுனி அளவு அசைவுக்கு நடுங்கவும் வேண்டும். கனமான மரத்தில் இந்த இரண்டும் ஒன்றாகச் சேராது. பூவரசு, வேம்பு, வாகை எல்லாம் ஸ்ப்ரூஸைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் எடை உள்ளவை. கருவேல் வகைகள் இன்னும் மோசம், இரண்டு மடங்கை நெருங்கும். இவை எதையும் மேல்பலகைக்கு நினைக்காதீர்கள்.

அப்போ மிச்சம் என்ன? பலா, குமிழ். இரண்டும் கரையோர மரம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில், ஆலங்குடி வட்டாரத்தில், பலா காய்த்துத் தொங்குகிற தோப்புகள் இருக்கின்றன. நம் ஊர் மரம் என்ற பிடிவாதத்தை மாவட்ட எல்லையோடு கட்டிப்போட வேண்டாம் என்பது என் கருத்து. தஞ்சாவூர் வீணைக்காரர்கள் குடம், தண்டி, மேல்பலகை என்று முழுதையும் பலாவில்தான் செய்கிறார்கள். மிருதங்கம், தவில் கட்டையும் பலாதான். பலா கொஞ்சம் கனம் (எடையில் ஸ்ப்ரூஸைப் போல ஒன்றரை மடங்குக்குப் பக்கம் வரும்), ஆனால் விறைப்பு அந்த அளவு கூடுவதில்லை. அதனால் ஒலியின் தொடக்கம் மெதுவாக வரும், சத்தம் சற்றுக் குறையும், நாதம் நீண்டு நிற்கும். அமெரிக்கக்காரனுக்கு இது குறை. கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) வாசிக்கிறவருக்கு இதுதான் வேண்டும். வீணையின் பக்கம் சாய்ந்த ஒரு மாண்டலின் வரப்போகிறது என்று மனதில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். குமிழ் பலாவைவிட எடை குறைவு, காய்ந்த பிறகு அவ்வளவாக முறுக்காது. நேர் ரேகை உள்ள குமிழ்ப் பலகை கிடைத்தால் நான் பலாவுக்கு முன்னால் அதைத்தான் எடுப்பேன். ஆனால் நம் பக்கத்து மில்லில் அகலமான குமிழ் கிடைப்பது குதிரைக்கொம்பு.

இங்கே ஒரு யோசனை. நாலு ஜோடியாக எட்டுக் கம்பி எதற்கு? கர்நாடக சங்கீதத்தில் மாண்டலினை நிலைநிறுத்திய யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைக் கம்பிகளை விட்டு ஒற்றைக் கம்பிக்கு வந்து, அப்புறம் ஐந்தாவதாக ஒரு மந்தரக் கம்பியும் சேர்த்துக்கொண்டார். இரட்டைக் கம்பியை ஒரே விரலில் இழுத்து அசைத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, கமகம் கலங்கும். அவர் வாசித்தது மின்சார மாண்டலின். அதில் உடம்பு கெட்டி மரம் என்பதால் மேல்பலகைக் கவலையே இல்லை. அதே ஒற்றைக் கம்பி யோசனையை நீங்கள் கூடு உள்ள வாத்தியத்துக்குக் கொண்டுவந்தால் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஐந்து ஒற்றைக் கம்பிக்கு மொத்த இழுவை நாற்பது, நாற்பத்தைந்து கிலோதான், குதிரை மேல் அழுத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோ. பாரம் பாதியாகக் குறைவதால் பலகையை இன்னும் மெலிதாக இழைக்கலாம். பலாவின் கூடுதல் எடையில் ஒரு பங்கு அங்கே போய்விடும். கனமான மரத்துக்கு நான் பார்த்ததில் நேர்மையான தீர்வு இதுதான். இரட்டைக் கம்பியின் அந்த மினுமினுப்பு போய்விடும், சினிமாப் பாட்டு வாசிக்கிறவர்கள் அதற்கு வருத்தப்படுவார்கள். கீர்த்தனைக்கு நஷ்டம் இல்லை.

பலகை தேறுமா என்று காதால் மட்டும் முடிவு செய்யாதீர்கள். தட்டிப் பார்த்து "கணீர்னு இருக்கு" என்று சொல்வது சுலபம், கைக்கு அடங்குகிற எந்தக் காய்ந்த பலகையும் கணீரென்றுதான் இருக்கும். பலகையின் ஓரத்திலிருந்து, ரேகை நீளவாக்கில், 5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை அறுத்து, சீராக ஒரு நூல் கனத்துக்கு இழையுங்கள். நூல் என்று நான் சொல்வது ஆசாரிமார் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒன்று. அதை 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு கட்டைகள் மேல் வைத்து நடுவில் அரைக் கிலோ எடை தொங்கவிடுங்கள். ஐந்து மி.மீ. பக்கம் தொய்ந்தால் நல்ல ஸ்ப்ரூஸுக்கு இணையான விறைப்பு. ஆறு, ஆறரை என்றால் சமாளிக்கலாம். எட்டைத் தாண்டினால் அந்தப் பலகை முதுகுக்குப் போகட்டும். அப்படியே அந்தப் பட்டையை எடை போட்டும் பாருங்கள். ஒரே விறைப்பு உள்ள இரண்டில் இலேசானதுதான் மேல்பலகை. மில்லில் நாலு பலகை கிடைத்தால் நாலிலும் இதைச் செய்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஒரே மரத்தின் அடியும் நுனியும்கூட ஒன்றாக இருப்பதில்லை.

அறுக்கும் விதமும் முக்கியம். பலகையின் முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் படுத்திருக்கக் கூடாது, செங்குத்தாக நிற்க வேண்டும். மில்லில் வழக்கமாகக் கட்டையை ஒரு பக்கத்திலிருந்து சீவிக்கொண்டே போவார்கள். அதில் நடுவில் வருகிற இரண்டு மூன்று பலகை மட்டும்தான் இந்த மாதிரி இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். படுத்த ரேகைப் பலகை ஈரத்தில் அகலவாக்கில் ஏறி இறங்குவது நின்ற ரேகைப் பலகையைப் போல இரண்டு மடங்கு இருக்கும். கடற்கரையில் இது சின்ன விஷயம் இல்லை.

முதல் வாத்தியத்துக்குச் செதுக்கு வேலை வேண்டாம், தட்டை மேல்பலகையே போதும். இரண்டு பாதிகளை நடுவில் ஒட்டி, ஒற்றைக் கம்பிக்கு 3 மி.மீ.இல் நிறுத்தி, உள்ளே குறுக்குச் சட்டம் வைத்த பிறகு ஓரங்களை இன்னும் கால் மி.மீ. இறக்கலாம். எட்டுக் கம்பிதான் வேண்டும் என்றால் 3.5க்குக் கீழே போகாதீர்கள். சட்டத்துக்கு விறைப்பான, இலேசான குச்சி வேண்டும். முற்றிய மூங்கிலைப் பிளந்து இரண்டு மூன்று பட்டையாக ஒட்டிச் செய்தால் பலாவைவிட நன்றாகத் தாங்கும். கம்பி ஏற்றி ஒரு வாரம் விட்டு, குதிரைக்கு முன்னால் பலகை ஒரு மி.மீ. இறங்கியிருந்தால் கவலை இல்லை. மூன்று இறங்கினால் சட்டம் போதாது.

நம் ஊர் மரம் என்ற விரதத்தைக் கொஞ்சம் தளர்த்த மனம் இருந்தால் வேறு வழியும் உண்டு. தூத்துக்குடி துறைமுகம் வழியாக இயந்திரங்கள் வருகிற பெட்டிகளும் பேலட்டுகளும் பழைய மரக்கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அவற்றில் பைனும் ஸ்ப்ரூஸும் கலந்து கிடக்கும். கணு இல்லாத, நெருக்கமான ரேகை உள்ள துண்டு தேடினால் கிடைக்கும். மாண்டலின் மேல்பலகைக்கு ஒரு சாண் அகலமே அதிகம், நாலு சின்னப் பட்டையை ஒட்டியும் செய்யலாம். மரத்தில் குத்தியிருக்கிற முத்திரையில் எச்டி (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள்.

இனி கடல் விஷயம். தாத்தாவின் வள்ளத்துப் பலகையைக் கூட்டுக்கும் கழுத்துக்கும் போட வேண்டாம் தம்பி. ஆசை புரிகிறது. ஆனால் அந்தப் பலகைக்குள் பல வருஷத்து உப்பு இருக்கிறது. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுக்கும், நம் கரையில் வருஷத்தில் பல மாதம், அதுவும் இரவில், காற்று அந்த அளவைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆக அந்த மரம் ஒருபோதும் முழுதாகக் காயாது. கம்பியும் மெட்டும் (விரல்பலகையில் குறுக்கே பதிக்கிற உலோகக் கம்பி) அதன் பக்கத்தில் துருப்பிடிக்கும். போதாததற்கு, வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெய் உள்ளே ஊறியிருக்கும், பசை பிடிக்காது. ஆணி இருந்த இடமெல்லாம் கறுத்து உளுத்திருக்கும். தலைப்பகுதியின் முகத்தில் ஒட்டுகிற இரண்டு மி.மீ. மெல்லிய சில்லுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். மெலிதாக அறுத்து, நல்ல தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்தால் கரிக்காத வரை ஊறவிட்டு, காயவைத்து, ஒட்டுவதற்கு முன் அசிட்டோனில் துடைத்துவிடுங்கள். சின்னத் துண்டு என்பதால் இத்தனை பாடும் செல்லும்.

இதே காரணத்துக்காகத்தான் பூவரசுக் கட்டையைக் கடலிலோ காயலிலோ ஊறப்போடக் கூடாது. ஊருணியிலோ கண்மாயிலோ, நல்ல தண்ணீரில், இரண்டு மூன்று மாதம் அமிழ்த்தி வைப்பது நம் பழைய வழக்கம், அது சரியான வழக்கமும்கூட. வெள்ளைப் பகுதியில் இருக்கிற மாவுச்சத்து கரைந்து போனால் வண்டு துளைப்பது குறையும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காற்று தள்ளிய மரத்துக்குப் பிறை பார்க்க முடியாது, ஊறல்தான் உங்களுக்கு வழி. அப்புறம் அறுத்த பலகை மேல் போரிக் ஆசிட்டும் போராக்ஸும் கலந்த கரைசலைப் பூசிவிட்டால் போதும். வாத்தியத்துக்கு எடுப்பது எப்படியும் நடுவில் இருக்கிற சிவந்த வைரத்தைத்தான், வெள்ளை கழிந்துவிடும்.

காயவைப்பதில் அவசரப்படாதீர்கள். அறுத்தவுடன் இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசி அடையுங்கள். இல்லாவிட்டால் முனை முதலில் காய்ந்து பிளக்கும். பலகைகளுக்கு நடுவே ஒரே கனமான ரீப்பர் வைத்து அடுக்கி, ஓட்டு வீட்டுப் பரணில் காற்றோட்டத்தில் போடுங்கள். வெயில் நேராக விழக் கூடாது, மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது பொதுக்கணக்கு. அதை நம்புவதைவிட மாதம் ஒருமுறை ஒரு பலகையை எடை போட்டு எழுதி வையுங்கள். எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். கூடு, கழுத்து எல்லாம் ஓரளவுக்குச் செதுக்கிவிட்டு மறுபடி ஒரு மாதம் போட்டுவைத்தால், உள்ளே ஒளிந்திருந்த இறுக்கம் அப்போதே முறுக்கிக் காட்டிவிடும்.

ஆனால் இங்கே காய்ந்தது என்பது எவ்வளவு? காற்றின் ஈரம் 75 சதவீதமாக இருக்கிற இடத்தில் மரம் 14 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே தானாக இறங்காது. அதே வாத்தியம் சென்னையில் ஏசி போட்ட அரங்குக்குப் போனால் ஒன்பது, பத்துக்கு இறங்கும். நின்ற ரேகைப் பலகையே ஒரு மி.மீ. சுருங்கும், குறுக்குச் சட்டம் சுருங்காது. விளைவு, பலகை நடுவில் பிளக்கும். தலைகீழாகச் செய்தால் ஆபத்து குறைவு: வறண்ட நேரத்தில் ஒட்டிய பலகை ஈரத்தில் கொஞ்சம் மேலே உப்பும், கம்பி சற்று உயரும், அவ்வளவுதான். அதனால் மேல்பலகைக்கும் முதுகுக்கும் சட்டம் ஒட்டுவதையும், அவற்றைக் கூட்டில் மூடுவதையும் ஈரம் இறங்கிய நேரத்தில் மட்டும் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒட்டு வேலையே கூடாது. கோடையில், மேற்கே தரைப்பக்கமிருந்து காற்று வீசுகிற மத்தியானங்களில் செய்யலாம். கடலை ஒட்டிய வீட்டைவிட உள்ளே தள்ளி, பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் இன்னும் நல்லது. சில நூறு ரூபாய்க்கு ஒரு ஈரமானி வாங்கி மாட்டுங்கள். 55க்குக் கீழே காட்டினால் ஒட்டலாம். காட்டவே இல்லையென்றால் பழைய பீரோ ஒன்றுக்குள் இரண்டு குண்டு பல்பு எரியவிட்டு, பலகைகளை ஒரு வாரம் அதற்குள் வைத்து எடுத்து, ஆறுவதற்குள் ஒட்டிவிடுங்கள். எல்ஈடி பல்பு போட்டால் வெளிச்சம்தான் வரும், சூடு வராது.

மற்ற உறுப்புகளுக்கு வருவோம். முதுகுக்கும் பக்கத்துக்கும் பூவரசு நல்ல மரம். ஹவாய்த் தீவில் இதே மரத்தை மிலோ என்று அழைத்து உகுலேலே செய்கிறார்கள். நாம் அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதோடு விட்டுவிட்டோம். வாகையும் சளைத்ததில்லை. மரச்செக்குக்குப் போகிற வாகையில் மிச்சம் விழுகிற துண்டே மாண்டலின் முதுகுக்குப் போதும், ஆங்கிலேயர் காலத்தில் அதற்குக் கிழக்கிந்திய வால்நட் என்றே வியாபாரப் பெயர் இருந்தது. வேம்பு மஹோகனி குடும்பத்து மரம், கொஞ்சம் கனம், ஆனால் தேறும். அதன் தூள் மூக்கில் ஏறினால் எரியும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கப் பட்டியை 2 மி.மீ. கனத்துக்கு இழைத்துச் சூடான இரும்புக் குழாயில் வளைப்பது ஒரு முறை. பூவரசில் ரேகை மாறி மாறி ஓடுவதால் வளைக்கும்போது சிம்பு கிளம்பும். எனக்குப் பிடித்தது வேறு முறை: ஒரே கட்டையில் முதுகையும் பக்கத்தையும் சேர்த்துக் குடைந்து எடுப்பது, வீணைக் குடத்தைக் குடைகிற மாதிரி. வாச்சியும் வளைந்த உளியும் இருந்தால் போதும், வளைப்பு வேலையே இல்லை. பக்கம் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மேல் முனையிலும் கீழ் முனையிலும் ரேகை குறுக்கே வெட்டுப்படும், அங்கே 8 மி.மீ. விடுங்கள். பாம்பன் பக்கம் படகு கட்டுகிற ஆசாரி யாராவது தெரிந்தவர் இருந்தால் கட்டையை அவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ரேகை எங்கே திரும்புகிறது, எந்தப் பக்கம் பிளக்கும் என்று வெளியே பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கண் நமக்கு வரப் பல வருஷம் ஆகும்.

கழுத்துக்கும் பூவரசுதான். ஒரே கட்டையாக இல்லாமல் மூன்று பட்டை ஒட்டி, நடுப்பட்டையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் ஒன்றின் முறுக்கை மற்றது பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு சதுர இரும்புக் கம்பியை அரால்டைட்டில் (இரண்டு குழாயைக் கலந்து போடுகிற எபாக்சிப் பசை) முழுக்க மூடி இறக்குங்கள். மூடாமல் விட்டால் உள்ளேயே துருவேறி மரத்தைப் பிளக்கும்.

விரல்பலகைக்குச் சீமைக்கருவேல். பிறப்பால் அது அமெரிக்கக் கண்டத்து மரம், நம் மரம் இல்லை. ஆனால் ராமநாதபுரத்தில் அதைவிட அதிகம் கண்ணில் படுகிற மரமும் இல்லை. விறகு, கரி என்று மட்டுமே அதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அதன் வைரம் செம்பழுப்பு நிறம், நல்ல கடினம், காயும்போது மற்ற மரங்களைவிட மிகக் குறைவாகத்தான் சுருங்கும். ஈரம் ஏறி இறங்குகிற கரைக்கு இதைவிட என்ன வேண்டும்? அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட்டில் டெக்சாஸ்காரர்கள் கிட்டார் செய்கிறார்கள். நேரான நீளக் கட்டை கிடைக்காது என்பது உண்மை. ஆனால் மாண்டலின் விரல்பலகைக்கு ஒரு அடி நீளம், இரண்டு அங்குல அகலம் போதும். உங்கள் மாமாவிடம் மூட்டத்தில் அடுக்கும் முன் பருத்த அடிக்கட்டைகளாகப் பார்த்து ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். நாட்டுக் கருவேலும் இதற்கு ஏற்றதுதான், ஆனால் கண்மாய்க்குள் நிற்பது அரசு மரம், கைவைக்காதீர்கள். புளியின் கருத்த வைரம் கிடைத்தால் குதிரைக்கும் மேருவுக்கும் (விரல்பலகையின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்குகிற துண்டு) எடுத்துக்கொள்ளுங்கள். பனைஞ்சட்டம் கடினமாக இருக்கிறதே என்று பலர் விரல்பலகைக்கு நினைப்பதுண்டு. நார் நாராகப் பெயர்ந்து விரலைக் குத்தும், வேண்டாம்.

மெட்டு வைக்கிற கணக்கு: மேருவிலிருந்து குதிரை வரை 352 மி.மீ. வையுங்கள், அமெரிக்க மாண்டலினின் 13 முக்கால் அரைக்கால் அங்குலம் இதுதான். அதை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டு 19.8 மி.மீ.இல் வரும். மிச்சத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்துக் கூட்டினால் இரண்டாவது 38.4. இப்படியே போனால் பன்னிரண்டாவது சரியாக 176இல், பாதியில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கணக்கில் எங்கோ பிசகு. ஒவ்வொரு அளவையும் மேருவிலிருந்தே குறியுங்கள். மெட்டுக்கு மெட்டு அளந்தால் கால் மி.மீ. பிழை இருபது மெட்டில் பெருகிவிடும். மெட்டுக் கம்பி நிக்கல் சில்வரில் வாங்குங்கள், கடல்காற்றுக்குத் தாங்கும்.

விரல்பலகையில் அடையாளப் புள்ளி பதிக்கச் சங்குச் சில்லு அழகு. சங்கு வியாபாரம் பழகிய கீழக்கரைப் பக்கம் உடைந்த துண்டு கேட்டால் கிடைக்கும். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பவளமும் ஆமையோடும் 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஒட்டுவதற்கு மேல்பலகையில் வஜ்ஜிரம் (தோலிலிருந்து காய்ச்சுகிற பசை) போடுங்கள். பின்னால் பழுது பார்க்கும்போது சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும். ஆனால் கழுத்தும் கூடும் சேருகிற இடத்தில் வஜ்ஜிரமும் வேண்டாம், சாதாரண வெள்ளைப் பசையும் வேண்டாம். ஓயாத இழுவையில், மூடிய கார் சூட்டில், வெள்ளைப் பசை மெதுவாக நழுவும். அங்கே அரால்டைட்தான்.

மேல்பூச்சுக்கு அரக்குப் பாலிஷ் நல்லது. காற்றில் ஈரம் இருக்கும்போது பூசினால் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும், காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிய பிறகு பூசுங்கள். கூட்டை மூடும் முன் உள்பக்கமும் ஒரு கை பூசிவிடுங்கள். ஈரம் ஏறுவதும் இறங்குவதும் மெதுவாகும். மேல்பலகையின் வெளிப்பக்கத்தில் மட்டும் எவ்வளவு மெலிதாக முடியுமோ அவ்வளவு மெலிதாக. பளபளப்புக்கு ஆசைப்பட்டுப் பத்துக் கை ஏற்றினால், இழைத்துக் குறைத்த எடையெல்லாம் பூச்சாகத் திரும்பி வந்து சேரும்.

கம்பிகளில் மேல் சுதிக்கான இரண்டும் 10, 14 எண் (அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு கனம்) வெறும் எஃகு, கீழ்ச் சுதிக்குச் சுற்றுக் கம்பி. ஐந்தாவது கம்பியின் கனத்தை நீங்கள் வைக்கப் போகிற சுதியைப் பார்த்து உங்கள் குருவிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சாவி நாலு இருக்கிற பட்டையாகத்தான் கடையில் வரும். ஐந்து கம்பிக்குக் கிட்டார்ச் சாவியைத் தனித்தனியாக வாங்கி மூன்றும் இரண்டுமாக வைக்க வேண்டியிருக்கும், தலைப்பகுதியை அறுக்கும் முன்பே அதற்கு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டிக்குள் வையுங்கள். சுவரில் மாட்டினால் கரையோர வீட்டில் எஃகுக் கம்பி சீக்கிரமே கறுத்து, சுதி நிற்காமல் போகும்.